ஓருடலில் இரு வைரசுகள்

ஒரு பெருநோயினின்றும் உயிர் தப்பிய ஒருவர், தாம் அறியாத இன்னொரு நோய்க்கு இரையாவது மருத்துவ வரலாற்றிற் புதிய செய்தியன்று. ஆனால், முதல் நோய்க்காக அவர் ஒழுங்காக வைத்தியசாலைக்கு வருகிறார், மருந்து பெறுகிறார், பரிசோதனைக்குக் குருதியும் கொடுக்கிறார். அந்தக் குருதியிலேயே இரண்டாவது நோயின் அடையாளமும் இருக்கிறது. அதனை ஒருவரும் தேடிப் பார்க்கவில்லையென்றால், அக்குறை யாருடையது? எச். ஐ. வி. வைரசோடு வாழும் வளர்ந்தோரிடத்துக் காணப்படும் சி வகை ஈரலழற்சியைப் பற்றிச் சிந்திக்கும்போது எழும் முதற் கேள்வி இதுவே.

எச். ஐ. வி. வைரசு உடலின் எதிர்ப்பாற்றலைச் சிறிது சிறிதாக அழித்து, இறுதியில் எயிட்ஸ் என்னும் நிலையில் மனிதனைக் கொண்டுபோய் விடுவது. 1996ஆம் ஆண்டளவில் பல மருந்துகளை ஒருங்கே சேர்த்துக் கொடுக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னர், நாள்தோறும் தவறாது மருந்து உண்பவர்கள், நீரிழிவு நோயாளரைப் போலப் பல்லாண்டு வாழ வழி பிறந்தது. ஆயுள் நீண்டது, அப்போதுதான் ஈரல் நோய் தலைகாட்டியது. எச். ஐ. வி. உள்ள 23,000க்கு மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து கவனித்த பன்னாட்டு ஆய்வொன்றின் முடிவுகள் 2006ஆம் ஆண்டில் வெளியாயின. இறந்தவர்களுள் நூற்றுக்கு 14 அல்லது 15 பேர் ஈரல் நோயால் இறந்திருந்தனர். எயிட்சை நீக்கிப் பார்த்தால் மரணத்துக்கு முதற் காரணமாய் நின்றது ஈரல் நோயே. அவ்வாறு ஈரல் கெட்டு இறந்தவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரின் உடலில் சி வகை வைரசு இருந்தது.

ஈரல் பொறுமை மிக்க உறுப்பு. உணவின் சத்தைப் பக்குவப்படுத்துவதும், நஞ்சை முறிப்பதும், குருதி உறைவதற்கு வேண்டிய பொருள்களை ஆக்குவதும் அதன் பணிகள். ஒரு பகுதி பழுதுபட்டாலும் எஞ்சிய பகுதி வேலையை ஏற்று நடத்தும். இந்தப் பொறுமையே நோயாளிக்குப் பகையாகவும் முடிகிறது. சி வகை வைரசு ஈரற் கலங்களுட் புகுந்து பெருகுகையில், இலங்கை மக்கள் செங்கண்மாரி என்று வழங்கும் மஞ்சள் நிறம் பெரும்பாலாருக்குத் தோன்றுவதில்லை. வலியில்லை, காய்ச்சலில்லை. சற்றே களைப்பு இருக்கலாம். உள்ளேயோ அழற்சி தொடர்கிறது. அழற்சி ஆறிய இடங்களில் தழும்பு விழுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தழும்புகள் ஒன்றோடொன்று பின்னி, மெதுமையான ஈரலை இறுகச் செய்கின்றன. பழைய வைத்திய நூல்கள் மகோதரம் என்று கூறும் வயிற்று வீக்கமும், இரத்த வாந்தியும், மயக்கமும் தோன்றும்போது காலம் பெரிதும் கடந்துவிடுகிறது. சிலருக்கு ஈரலிற் புற்றுநோயும் உண்டாகிறது.

இவ்வளவு கேடு செய்யும் வைரசு நெடுங்காலம் பெயரின்றியே இருந்தது. ஏ வகை, பி வகை என்னும் இரு வைரசுகளும் அறியப்பட்ட பின்னரும், குருதி ஏற்றப்பட்ட பலருக்கு ஈரலழற்சி உண்டாவதை ஐக்கிய அமெரிக்காவில் ஹார்வி அல்ற்றர் என்னும் வைத்தியர் கண்டார். இரண்டிலும் சேராத அந்நோய் ‘ஏயும் அல்லாதது, பியும் அல்லாதது’ என்றே குறிக்கப்பட்டது. 1989ஆம் ஆண்டில் மைக்கேல் ஹூட்டனும் அவருடைய துணைவர்களும், நோயுற்ற சிம்பன்சிக் குரங்கின் குருதியிலிருந்து எடுத்த மரபுப் பொருளின் எண்ணற்ற துணுக்குகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, அவற்றுள் ஒன்று இவ்வைரசுக்கே உரியது என நிறுவினர். வைரசைக் கண்ணாற் காணுமுன்னரே அதன் அடையாளம் கிடைத்துவிட்டது. பின்னர் சார்ள்ஸ் ரைஸ் என்பவர், அந்த வைரசு ஒன்றே நோயை உண்டாக்கப் போதுமானது என்பதை மெய்ப்பித்தார். இம்மூவருக்கும் 2020ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எச். ஐ. வி.யும் சி வகை வைரசும் ஒருடலில் அடிக்கடி ஒருங்கே காணப்படுவதற்குக் காரணம் என்ன? இரண்டுக்கும் வழி ஒன்றாயிருப்பதே. குருதியே அவ்வழி. ஒருவர் பாவித்த ஊசியை இன்னொருவர் பாவித்தல், சோதிக்கப்படாத குருதியை ஏற்றுதல், நன்கு தூய்மை செய்யப்படாத வைத்தியக் கருவிகள் ஆகியவற்றால் இரண்டும் பரவும். பிரித்தானியாவில் 1970களிலும் 1980களிலும் குருதி உறையாத பிறவிக் குறையுடையோருக்குப் பல்லாயிரவர் குருதியிலிருந்து பிரித்தெடுத்த மருந்து கொடுக்கப்பட்டது. அவர்களுள் ஏறத்தாழ 1,250 பேரை இவ்விரு வைரசுகளும் சேர்ந்தே பற்றின. சிறுவர்களும் அவர்களுள் அடங்குவர். அவ்வவலத்தை ஆராய்ந்த விசாரணைக் குழுவின் அறிக்கை 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்தது. நலம் நாடிச் சென்றவர்களுக்கே நோய் கிடைத்தது என்பதை நினைக்கும்போது, இந்நோய் உள்ளவர்களை ஒழுக்கக்கேடர் என்று ஒரே சொல்லால் ஒதுக்குவது எத்துணை அநீதி என்பது விளங்கும். மேலும், கைகுலுக்குதல், தழுவுதல், ஒரே கிண்ணத்திற் பருகுதல், உடனிருந்து உண்ணுதல் ஆகியவற்றால் இவ்விரு நோய்களும் பரவுவதில்லை.

இரண்டும் கூடும்போது தீமை பெருகுகிறது. சி வகை வைரசு மட்டும் உள்ளவர்களிற் சிலரின் உடல், ஆறு மாதங்களுக்குள் அதனைத் தானாகவே விரட்டிவிடுகிறது, எச். ஐ. வி. உள்ளவர்களிடம் அவ்வாறு நிகழ்வது குறைவு. ஈரல் இறுகும் நிலையை அடைவதும் இவர்களிடம் விரைவாகவே நிகழ்கிறது. ஈரல் இறுகுதலோ செயலிழத்தலோ ஆகிய கடும் ஈரல் நோயின் அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்காகும் என்று பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர்கள் கணித்திருக்கின்றனர். தாயிடமிருந்து குழந்தைக்குச் சி வகை வைரசு தொற்றும் வாய்ப்பும், தாய்க்கு எச். ஐ. வி. இருந்தால் உயர்கிறது. 2016ஆம் ஆண்டில் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, உலகில் ஏறத்தாழ 23 இலட்சம் மக்கள் இவ்விரு வைரசுகளையும் சுமந்திருந்தனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் போதைமருந்தை ஊசியால் ஏற்றியவர்கள்.

அறிகுறி காட்டாத நோயைக் கண்டறியப் பரிசோதனையன்றி வேறு வழியில்லை. இதற்குரிய பரிசோதனை இரு படிகளைக் கொண்டது. அவ்விரண்டின் வேறுபாட்டையும் அறிந்துகொள்ளுதல் நன்று. முதற் பரிசோதனை, உடல் இவ்வைரசை எதிர்த்து ஆக்கிய பிறபொருளெதிரி குருதியில் உண்டா என்று பார்க்கிறது. பகைவன் ஒருகாலத்தில் ஊருக்குள் வந்தான் என்பதை மட்டுமே அது கூறும்; இன்றும் இருக்கிறானா என்பதைக் கூறாது. வைரசைத் தானாக விரட்டியவரிடத்தும், மருந்தாற் குணமடைந்தவரிடத்தும் பிறபொருளெதிரி நிலைத்திருக்கும். ஆதலால் இரண்டாவது பரிசோதனை வேண்டும். அது வைரசின் மரபுப் பொருளாகிய ஆர். என். ஏ.யையே நேரிற் தேடுவது. அது காணப்பட்டால் நோய் இப்போது உண்டு. காணப்படாவிட்டால் மருந்து வேண்டியதில்லை.

எச். ஐ. வி. உள்ளோர் விடயத்தில் வைத்தியர் இன்னுமொரு நுட்பத்தை நினைவிற்கொள்ள வேண்டும். எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவரின் உடல் பிறபொருளெதிரியை ஆக்க வலியற்றுப் போகலாம். அப்போது முதற் பரிசோதனை ‘இல்லை’ என்று விடை தரும். வைரசோ உள்ளே இருக்கும். அண்மையில் தொற்றியவரிடத்தும் இவ்வாறே. பிறபொருளெதிரி தோன்றச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை செல்லும். ஆகவே, ஈரலின் நொதியங்கள் காரணமின்றி உயர்ந்திருக்கக் கண்டால், முதற் பரிசோதனையின் விடையோடு நின்றுவிடாது, ஆர். என். ஏ. பரிசோதனையையும் செய்வித்தல் முறை. எச். ஐ. வி. சிகிச்சைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் தொடக்கத்திலேயே ஒருமுறையும், தொற்றும் வாய்ப்புத் தொடர்ந்து உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் இப்பரிசோதனை செய்யப்படவேண்டும் என்பது இன்றைய வைத்திய வழிகாட்டிகளின் அறிவுரை. வைத்தியசாலைக்கு வரக் கூசுவோருக்கென, வாய்நீரைக் கொண்டு தாமே முதற் பரிசோதனையைச் செய்துகொள்ளும் சாதனமொன்றுக்கு உலக சுகாதார தாபனம் 2024ஆம் ஆண்டில் தகுதிச் சான்று வழங்கியது.

‘கண்டறிந்தும் பயன் என்ன?’ என்று ஒருகாலத்தில் நோயாளர் கேட்டதுண்டு. அக்காலத்தில் அது நியாயமான கேள்வியே. இன்டர்பெரோன் என்னும் மருந்தை வாரந்தோறும் ஊசியால் ஏற்ற வேண்டும். றிபவிரின் என்னும் குளிசையை நாள்தோறும் விழுங்க வேண்டும். பெரும்பாலும் 48 வாரங்கள் இவ்வாறு தொடரவேண்டும். காய்ச்சல், உடல்வலி, குருதிச்சோகை, ஆழ்ந்த மனச்சோர்வு ஆகியன அம்மருந்தோடு கூடவே வந்தன. இரு வைரசுகளும் உள்ள 868 பேரிடம் நடத்தப்பட்டு 2004ஆம் ஆண்டில் வெளியான ஒரு சோதனையில், அக்காலத்துச் சிறந்த சிகிச்சையைப் பெற்றோரிலும் நூற்றுக்கு 40 பேரே குணமடைந்தனர். ஓராண்டுத் துன்பத்தின் பின்னரும் பாதிப்பேருக்கு மேல் வெறுங்கையோடு திரும்பினர்.

இன்று நிலைமை முற்றிலும் வேறு. வைரசு தன்னைப் படியெடுத்துப் பெருக்கிக்கொள்ளும் பொறியிலேயே கைவைக்கும் குளிசைகள் வந்துள்ளன. 2013ஆம் ஆண்டின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட சொபொஸ்புவிர் அவற்றுள் முதன்மையானது. அதனோடு டக்லடாஸ்விர், லெடிபாஸ்விர், வெல்படாஸ்விர் ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்த்து நாள்தோறும் உண்பதே சிகிச்சை, ஊசி இல்லை. பெரும்பாலாருக்கு 12 வாரங்கள் போதும். இரு வைரசுகளும் உள்ள 335 பேரிடம் சொபொஸ்புவிரும் லெடிபாஸ்விரும் சோதிக்கப்பட்டு, 2015ஆம் ஆண்டில் அதன் முடிவு வெளியாயிற்று. நூற்றுக்கு 96 பேர் குணமடைந்தனர். எச். ஐ. வி. உள்ளவருக்குச் சிகிச்சை பலிக்காது என்ற பழைய எண்ணம் அன்றோடு ஒழிந்தது. மருந்தை முடித்து 12 வாரங்கள் சென்றபின் எடுக்கும் குருதியில் வைரசு காணப்படாவிட்டால், அவர் குணமடைந்தார் என்று கொள்ளப்படுகிறது. எச். ஐ. வி.யை இன்றைய குளிசைகள் அடக்கி வைக்கின்றனவேயன்றி வேரோடு நீக்கவில்லை. சி வகை வைரசையோ அவை முற்றாக நீக்கிவிடுகின்றன. ஓருடலிற் குடியிருக்கும் இரண்டு வைரசுகளுள் ஒன்றையாவது மூன்று மாதத்தில் வெளியேற்றலாம் என்பது சிறிய செய்தியா?

ஆயினும், கவனம் வேண்டும். எச். ஐ. வி. மருந்துகளுட் சில, ஈரல் மருந்துகளோடு ஒத்துப்போவதில்லை. எவாவிரென்ஸ் என்னும் மருந்தை உண்பவரின் உடலில் வெல்படாஸ்விரின் அளவு பெரிதுங் குறைந்துவிடும். அவ்விரண்டையும் சேர்த்துக் கொடுத்தல் ஆகாது. டக்லடாஸ்விர் கொடுப்பதாயின் அதன் அளவைக் கூட்ட வேண்டும். இன்று பல நாடுகளில் முதன்மையாக வழங்கப்படும் டொலூடெகிராவிர் இத்தகைய தொல்லை தருவதில்லை. காசநோய்க்குரிய றிபாம்பிசின் உண்பவருக்கும் இக்குளிசைகள் பொருந்துவதில்லை. பி வகை வைரசும் உடலில் உண்டா என்று சிகிச்சைக்கு முன்னரே பார்த்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. சி வகை நீங்கியதும் அதுவரை அடங்கிக் கிடந்த பி வகை சீறி எழுதல் உண்டு. எச். ஐ. வி. மருந்துகளுள் ஒன்றான ரெனோபோவிர் பி வகையையும் அடக்குவதால், அதனை நோயாளி தம் எண்ணப்படி நிறுத்திவிடலாகாது. சுருங்கச் சொன்னால், தாம் உண்ணும் மருந்து எல்லாவற்றையும், நாட்டுமருந்து உட்பட, வைத்தியரிடம் மறையாது கூறுதல் நோயாளியின் கடமை. கேட்டறிதல் வைத்தியரின் கடமை.

குணமாக்குதல் தனிமனிதருக்கு நன்மை. அது சமூகத்துக்கும் நன்மை என்பதை நெதர்லாந்தின் அனுபவம் காட்டியது. அந்நாட்டில் எச். ஐ. வி. உள்ளவராய், ஆடவரோடு உறவு கொள்ளும் ஆடவரிடையே 2000ஆம் ஆண்டுக்குப் பின் சி வகை ஈரலழற்சி பரவி வந்தது. அவர்கள் எச். ஐ. வி. சிகிச்சைக்காக ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால், அவர்களிடையே நோயைக் கண்டறிதல் எளிதாயிருந்தது. ஈரல் எவ்வளவு கெட்டிருந்தாலும், கெடாதிருந்தாலும், எல்லாருக்கும் புதிய குளிசைகளை வழங்குவதென்று 2015ஆம் ஆண்டின் இறுதியில் அங்கு முடிவாயிற்று. 2014ஆம் ஆண்டில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 11 ஆக இருந்த புதிய தொற்று, 2016ஆம் ஆண்டில் ஐந்தரையளவாகக் குறைந்தது. அதே காலத்தில் சிபிலிசு நோய் குறையவில்லை. ஆகவே, மக்களின் பழக்கம் மாறியதால் ஈரல் நோய் குறைந்தது என்று கூறுவதற்கில்லை. வைரசை உடையவர் குணமானார்; அவரிடமிருந்து பிறருக்குச் செல்ல வைரசு இல்லாமற் போயிற்று. ஒருவருக்குக் கொடுத்த மருந்து இன்னொருவருக்குக் காப்பாக அமைந்தது.

செல்வமும் காப்புறுதியும் நிறைந்த நாட்டுக்கு இயன்றது, ஏனைய இடங்களில் இலகுவன்று. இந்தியாவின் வடகிழக்கில் மியன்மார் எல்லையை அடுத்துள்ள மணிப்பூர் மாநிலத்தில், 1980களில் எரோயின் ஊசிப் பழக்கம் இளைஞரிடையே பரவியது. ஓர் ஊசி பலர் கையில் மாறியது. அப்பத்தாண்டின் முடிவில் எச். ஐ. வி. அங்கே விரைந்து பரவியதைக் கண்டனர். அவ்வாறு பற்றப்பட்டவருட் பெரும்பாலோரிடம் சி வகை வைரசும் இருந்தது பின்னர் தெரியவந்தது. எச். ஐ. வி. மருந்து அரசாங்கத்தால் இலவசமாகக் கிடைத்த பின்னரும், ஈரல் நோய்க்கு மருந்து வாங்கும் வசதி அவர்களுட் பலருக்கு இருக்கவில்லை. ஒரு நோய்க்கு மருந்து கொடுத்துக் காப்பாற்றியவரை மற்றைய நோய்க்கு விட்டுக்கொடுக்கும் நிலை அது.

இந்நிலையை மாற்றியது விலை வீழ்ச்சி. சொபொஸ்புவிர் ஐக்கிய அமெரிக்காவில் முதன்முதல் விற்பனைக்கு வந்தபோது, 12 வார மருந்துக்கு 84,000 டொலர் கேட்கப்பட்டது. ஒரு குளிசையின் விலை 1,000 டொலர். பின்னர், 2014ஆம் ஆண்டு முதல் இந்தியக் கம்பனிகள் உரிமம் பெற்று அதனைத் தயாரிக்கத் தொடங்கின. இன்று பல நாடுகளில் முழுச் சிகிச்சைக்கும் 100 டொலரினும் குறைந்த செலவே ஆகிறது. 2018ஆம் ஆண்டு யூலை 28ஆம் நாள் இந்திய அரசாங்கம் வைரசு ஈரலழற்சியைக் கட்டுப்படுத்தும் தேசியத் திட்டத்தைத் தொடங்கி, பரிசோதனையையும் மருந்தையும் இலவசமாக வழங்க முன்வந்தது. அதே ஆண்டில் உலக சுகாதார தாபனம், சி வகை நோயுள்ள வளர்ந்தோர் எல்லாருக்கும், ஈரலின் நிலையை நோக்கிக் காத்திராது சிகிச்சை அளிக்குமாறு பரிந்துரைத்தது.

மருந்து உண்டு, விலையும் குறைந்தது. அவ்வாறிருந்தும், 2022ஆம் ஆண்டின் முடிவில், உலகில் இந்நோய் கொண்டவருள் நூற்றுக்கு 36 பேரே தம் நோயை அறிந்திருந்தனர்; 20 பேரே மருந்து பெற்றிருந்தனர். எஞ்சி நிற்கும் பெருந்தடை அறியாமையே. அதனை உடைப்பதற்கு எச். ஐ. வி. சிகிச்சை நிலையங்களைவிட ஏற்ற இடம் வேறில்லை. நோயாளி அங்கே முன்னரே வருகிறார், குருதியும் எடுக்கப்படுகிறது, மருந்தை நாள்தோறும் உண்ணும் பழக்கமும் அவருக்கு உண்டு. ஈரல் நோய்க்கென்று வேறொரு வைத்தியசாலைக்கு அனுப்பினால், வழியிலேயே பலர் தவறிவிடுவர். இரு நோய்க்கும் ஒரே கூரையின் கீழ், ஒரே நாளிற் சிகிச்சை என்பது வசதிக்காகச் சொல்லப்படுவதன்று, உயிருக்காகச் சொல்லப்படுவது.

குணமடைந்தவரும் இரு செய்திகளை மறக்கலாகாது. இந்நோய் ஒருமுறை வந்து போனதால் நிர்ப்பீடனம் உண்டாவதில்லை. வைரசு மீண்டும் தொற்றலாம். அதனைத் தடுக்கும் தடுப்பூசியும் இன்னும் இல்லை. ஆகவே, ஊசி பாவிப்போருக்குத் தூய ஊசியும், பழக்கத்தினின்றும் மீள மருத்துவ உதவியும், உறவிற் பாதுகாப்பும், ஆண்டுதோறும் பரிசோதனையும் தொடர வேண்டும். இவர்களுக்கு ஆர். என். ஏ. பரிசோதனையே பயன்தரும், பிறபொருளெதிரி முன்னரே இருப்பதால் முதற் பரிசோதனை எதனையும் புதிதாகக் கூறாது. ஈரல் முன்னரே இறுகிப் போனவர்கள், வைரசு நீங்கிய பின்னரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புற்றுநோய் தோன்றுகிறதா என்று பார்த்துக்கொள்ளல் வேண்டும். மதுவை விலக்குதல் எல்லார்க்கும் நன்று.

எச். ஐ. வி. உள்ள ஒருவர் தம் வைத்தியரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்றே. சி வகை ஈரலழற்சிக்காகத் தம் குருதி சோதிக்கப்பட்டதா? முதற் பரிசோதனையோடு அது நின்றுவிட்டதா, அன்றி வைரசையே தேடிப் பார்த்தார்களா? வைரசு உண்டென்றால், சிகிச்சை தொடங்கும் நாள் எது? இம்மூன்று கேள்விகளையும் நோயாளி கேட்குமுன் வைத்தியரே கேட்டுவிடுவாராயின், அது இன்னும் சிறப்பு.